‘பிரிவிலெஜ்’ என்று எழுதிய காகிதம்

துபாயில் வேலை போனவர் கையில் பெரும்பாலும் மூன்று காகிதங்கள் இருக்கும். அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பட்டியல், கடைசியாக எச்.ஆர். நீட்டிய கேன்சலேஷன் தாள். ‘லேபர் கேஸ்’ என்று நம்மவர்கள் சொல்கிற வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடும். 2009 முதல் சம்பளப் பாதுகாப்பு முறை இருப்பதால், சம்பளம் போட்டார்களா இல்லையா என்பதற்கு வங்கிப் பதிவே சாட்சி. கிராஜுவிட்டிக்குக் கால்குலேட்டர் போதும்: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் 30 நாள். முதலாளியின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று யாரும் தோண்ட வேண்டியதில்லை.

தோண்டவேண்டிய வழக்குகள் சில உண்டு. கணக்கில் இடிக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிய மேலாளர், அடுத்த மாதமே ‘ரீஸ்ட்ரக்சரிங்’ பட்டியலில் வந்து சேர்கிறார். கர்ப்பம் என்று சொன்ன பெண்ணின் பதவி திடீரென்று ‘தேவையற்றது’ ஆகிறது. இங்கே கேள்வி தொகை பற்றியது அல்ல. ஏன் நீக்கினார்கள் என்பதுதான் கேள்வி. பதில் கம்பெனியின் மின்னஞ்சல்களில் இருக்கிறது. அதைக் கேட்கப் போனால், அதன் தலையில் ஒரு வரி எழுதியிருப்பதாகச் சொல்வார்கள்: இது வக்கீலிடம் கேட்ட ஆலோசனை, பிரிவிலெஜ் உள்ளது, காட்ட மாட்டோம்.

கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையே நடந்த பேச்சை நீதிமன்றமே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை என்ற சிறப்புரிமை இது. வக்கீல் இரகசியம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உரிமையில் தவறில்லை. வக்கீலிடம் மனம்விட்டுப் பேச முடியாதவனுக்கு நியாயம் கிடைக்காது. அது கூலிக்காரருக்கும் பொருந்தும், கம்பெனிக்கும் பொருந்தும். ஆனால் அந்த வரியை எழுதிவிட்டாலே காகிதம் இரகசியமாகிவிடுமா? வளைகுடாவில் இதற்கான பதில், நீங்கள் எந்த நீதிமன்றத்தின் வாசலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் பொது நீதிமன்றங்கள். துபாய், ஷார்ஜா, அபுதாபி எங்கும் அரபியில் நடக்கும் இந்த மன்றங்கள் எகிப்திய வழியில் வந்த சட்ட மரபைச் சேர்ந்தவை. எகிப்து 1968இல் இயற்றிய சாட்சியச் சட்டத்தின் சாயலைக் குவைத்தின் 1980ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஓமானின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலும் காணலாம். அமீரகத்தில் இப்போது நடப்பது 2022ஆம் ஆண்டின் 35ஆம் எண் சாட்சியச் சட்டம். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இந்த மரபில் அவரவர் தமக்குச் சாதகமான காகிதத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். எதிராளியின் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லும் பொது விதி கிடையாது. குறிப்பிட்ட ஒரு ஆவணத்தைக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் அது என்ன ஆவணம், அதில் என்ன எழுதியிருக்கிறது, எதிராளியிடம் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்பதையெல்லாம் கேட்பவரே சொல்ல வேண்டும். பார்க்காத மாப்பிள்ளைக்கு அங்க அடையாளம் சொல்லச் சொல்வது மாதிரி.

ஆகவே பொது நீதிமன்றத்தில் ‘பிரிவிலெஜ்’ என்ற சொல்லே அதிகம் காதில் விழாது. அது தேவைப்படுவதில்லை. கொடுக்கவே வேண்டாத காகிதத்துக்குப் பூட்டு எதற்கு? அங்கே இருப்பது வழக்கறிஞரின் கடமை. தொழில் முறையில் அறிந்த இரகசியத்தை வெளியிட்டால் 2021ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 432ஆம் பிரிவு பாயும்: ஓராண்டுக்குக் குறையாத சிறை, 20,000 திர்ஹாமுக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. 2022ஆம் ஆண்டின் 34ஆம் எண் வழக்கறிஞர் தொழில் சட்டமும் வாயைக் கட்டுகிறது. சவூதியின் வழக்கறிஞர் சட்டமும் அப்படியே. இந்தக் கடமை வக்கீலின் வாயைப் பற்றியது. ஆங்கில மரபில் அந்த இரகசியம் கட்சிக்காரரின் சொத்து. வேறுபாடு சின்னதாகத் தெரியும். ஆனால் கம்பெனியின் உள்வக்கீல் விஷயத்தில் இது பெரிதாகிறது. தொழில் சட்டம் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைப் பற்றிப் பேசுகிறது. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ‘லீகல் மேனேஜர்’ பலருக்கு அந்தப் பதிவு இல்லை.

தொழிலாளிக்கு இந்த முறையில் கிடைக்கும் ஒரே ஜன்னல், நீதிமன்றம் நியமிக்கும் நிபுணர். அவர் கம்பெனி அலுவலகத்துக்கே போய்க் கணக்கைப் பார்ப்பார், காகிதம் கேட்பார், அறிக்கை எழுதுவார். நல்ல நிபுணர் அமைந்தால் ஓவர்டைம் கணக்கு வெளிவரும். நோக்கம் வெளிவருவது அபூர்வம். அந்த நோக்கத்துக்கு இங்கே விலையும் குறைவு. அமைச்சகத்தில் நியாயமான புகார் கொடுத்ததற்காகவோ வழக்குப் போட்டதற்காகவோ நீக்கினால் அது முறையற்ற நீக்கம் என்கிறது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம். நஷ்டஈட்டின் உச்சம் மூன்று மாதச் சம்பளம். 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத தகராறென்றால் 2024 தொடக்கத்திலிருந்து அமைச்சகமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இனி மற்ற வாசல்கள். துபாய் ஷேக் சையது சாலையை ஒட்டிய துபாய் சர்வதேச நிதி மையம், அதாவது டிஐஎஃப்சி. அபுதாபி அல் மர்யா தீவில் உள்ள அபுதாபி குளோபல் மார்க்கெட், அதாவது ஏடிஜிஎம். தோஹாவில் கத்தார் நிதி மையம். ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றங்கள், தனித்தனி வேலைச் சட்டங்கள். ‘ஃப்ரீ ஸோன்ல வேலை’ என்று ஊரில் சொல்லிக்கொள்பவர்களில் பலர் இங்கே குழம்புகிறார்கள். ஜெபல் அலியும் டிஎம்சிசியும் ஃப்ரீ ஸோன்தான், ஆனால் அங்கே வேலை செய்பவருக்கு மத்தியச் சட்டமும் துபாய் நீதிமன்றமுமே பொருந்தும். நிதி மையங்கள் மட்டும் விலக்கு. அபுதாபியில் அல் ரீம் தீவும் 2023இல் ஏடிஜிஎம் எல்லைக்குள் வந்துவிட்டது. வீடு மாறாமலே நீதிமன்றம் மாறிய கம்பெனிகள் அங்கே உண்டு.

இந்த மன்றங்களில் எதிராளியிடம் ஆவணம் கேட்கலாம். டிஐஎஃப்சி நீதிமன்ற விதிகளின் 28ஆம் பகுதி முழுவதும் அதைப் பற்றியதுதான். சர்வதேச நடுவர் மன்றங்களின் வழக்கத்தை ஒட்டி, எந்த வகை ஆவணம், வழக்குக்கு அதன் பொருத்தம் என்ன என்று அட்டவணை போட்டுக் கேட்க வேண்டும். மறுக்கும் காரணங்களில் ஒன்றாகச் சட்ட இரகசியமும் விதியிலேயே இருக்கிறது. ஏடிஜிஎம் இன்னும் ஒரு படி மேல்: 2015இல் இயற்றிய ஒழுங்குவிதியால் இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தை நேரடியாகவே தன் சட்டமாக்கிக்கொண்டது. லண்டன் நீதிபதிகள் வக்கீல் இரகசியம் பற்றிச் சொன்னதெல்லாம் அல் மர்யா தீவில் செல்லும்.

இதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் வக்கீல் இரகசியத்தின் தலையாய வழக்கு ‘த்ரீ ரிவர்ஸ்’. அதன் வேர் அபுதாபியில் இருக்கிறது. 1972இல் பாகிஸ்தானைச் சேர்ந்த ஆகா ஹசன் அபேதி தொடங்கிய பிசிசிஐ வங்கியை 1991 ஜூலையில் இழுத்து மூடினார்கள். அப்போது அதன் பெரும்பங்கு அபுதாபி வசம். பணத்தை இழந்தவர்களில் இங்கிலாந்தின் த்ரீ ரிவர்ஸ் என்ற உள்ளாட்சி மன்றமும் ஒன்று. வங்கியைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் மீது வழக்குப் போட்டார்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் ஊழியர்கள் எழுதிய குறிப்புகளைக் காட்ட மறுத்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில் இன்றைக்கும் கம்பெனி வக்கீல்களுக்குக் கசக்கும்: ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லோரும் ‘கட்சிக்காரர்’ அல்ல. வக்கீலிடம் ஆலோசனை கேட்கப் பொறுப்பேற்ற குழு மட்டுமே கட்சிக்காரர். மற்ற ஊழியர்களின் குறிப்புகளுக்கு ஆலோசனை இரகசியம் கிடையாது. அதே வங்கியின் வேலையிழந்த ஊழியர்கள் தொடுத்த ‘மாலிக்’ வழக்கில்தான், முதலாளியும் தொழிலாளியும் பரஸ்பர நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது என்ற கோட்பாட்டைப் பிரபுக்கள் சபை 1997இல் உறுதிசெய்தது. அபுதாபி பணம் போட்ட வங்கி விழுந்ததில் நிலைபெற்ற இரண்டு விதிகளும் லண்டன் போய், கால் நூற்றாண்டுக்குள் அபுதாபிக்கே திரும்பி வந்து சேர்ந்தன.

இவற்றில் வக்கீல் இரகசியம் பற்றிய விதியை ஒரு வேலை வழக்கில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று ஆரம்பித்து, எச்.ஆர். ஆள் ஆறு பேரிடம் வாக்குமூலம் வாங்குகிறார். பிறகு அதை வக்கீலுக்கு அனுப்புகிறார்கள். வழக்கு வந்ததும் அந்த ஆறு தாளுக்கும் இரகசியம் கோருகிறார்கள். வக்கீலுக்குப் போன தபாலில் இருந்தது என்பதாலேயே ஒரு தாள் இரகசியமாகிவிடாது. அது பிறந்தபோது எதற்காகப் பிறந்தது என்பதுதான் கேள்வி. வழக்கை எதிர்பார்த்துத் தயாரித்தோம் என்று கம்பெனி சொன்னால், அதற்கு 1979ஆம் ஆண்டின் ‘வா’ வழக்கைக் காட்டலாம். பிரிட்டிஷ் ரயில்வேயில் விபத்தில் இறந்த ஊழியரின் மனைவி, விபத்து பற்றிய உள் அறிக்கையைக் கேட்டார். வக்கீலுக்கு அனுப்பத் தயாரித்தது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தது. பிரபுக்கள் சபை அந்தத் தலைப்பைப் பார்த்து அசரவில்லை. ரயில் பாதுகாப்பும் அந்த அறிக்கையின் நோக்கம், வழக்கும் நோக்கம். வழக்கு அதன் முதன்மை நோக்கமாக இருந்தால்தான் இரகசியம். ஆகவே கொடு என்றது. கட்டுமானத் தளத்தில் சாரம் சரிந்து விழுந்தவரின் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது.

இரண்டாவது கேள்வி, ஆலோசனை சொன்னவர் யார்? வளைகுடாக் கம்பெனிகளில் ‘லீகல்’ என்ற பெயரில் பலர் உலவுவார்கள்: அரசு அலுவலகங்களுக்கு அலையும் பி.ஆர்.ஓ. அல்லது மந்தூப், மனிதவள ஆலோசனை நிறுவனம், தணிக்கையாளர். இவர்கள் சொன்னது எதுவும் வக்கீல் ஆலோசனை ஆகாது. 1993இல் ஒரு ஆங்கில மருத்துவமனை வழக்கில் மனிதவள ஆலோசகர்களுக்கு இந்த உரிமை இல்லை என்றார்கள். 2013இல் ‘புருடென்ஷியல்’ வழக்கில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் கணக்காளர்களுக்கும் இல்லை என்று முடித்தது. அவர்கள் சொன்னது அச்சு அசல் சட்ட ஆலோசனையாகவே இருந்தாலும் இல்லைதான்.

உள்வக்கீல் விஷயம்தான் வேடிக்கை. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் உள்வக்கீல், அபுதாபி கிளையில் ஒருவரை எப்படி நீக்குவது என்று மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் அதற்குப் பாதுகாப்பு உண்டா? சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு, அவர் எழுதிக்கொடுத்த சட்டக் கருத்து ஒன்றுக்காக அமலாக்கத் துறை 2025 ஜூனில் சம்மன் அனுப்பியதும், எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றதும் வாசகருக்கு நினைவிருக்கும். அந்தச் சூட்டில் உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கில் அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர்களுக்கு அது கேடயம். கூடவே, சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்வக்கீல் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் அல்ல, பாரதிய சாட்சிய அதிநியத்தின் 132ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்றும் அது சொல்லிவிட்டது. ஆனால் அதே மின்னஞ்சல் ஏடிஜிஎம் நீதிமன்றத்தில் கேள்விக்கு வந்தால் ஆங்கில விதிதான் பேசும். அந்த விதி உள்வக்கீலை வெளிவக்கீலுக்குச் சமமாக வைக்கிறது. வெளிநாட்டு உள்வக்கீல் என்றாலும் அவர் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று துருவத் தேவையில்லை என்று 2020இல் ‘டாட்நெஃப்ட்’ வழக்கில் லண்டன் நீதிமன்றம் சொன்னது. எழுதிய ஊரில் பாதுகாப்பில்லாத கடிதத்துக்கு, போய்ச் சேர்ந்த ஊரில் பாதுகாப்பு! ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2010இல் ‘ஆக்ஸோ’ வழக்கில் போட்டிச் சட்ட விசாரணையில் உள்வக்கீலுக்கு உரிமை இல்லை என்றது. என் கட்சி இந்திய, ஐரோப்பியக் கட்சிதான். மாதச் சம்பளம் கொடுப்பவர் கேட்கிற கேள்விக்கு உள்வக்கீல் பாதி நேரம் வக்கீலாகவும் பாதி நேரம் மேலாளராகவும் பதில் சொல்கிறார். ஏடிஜிஎம்மில் வாதாடுபவர் அந்தப் பாதியைப் பிடிக்கலாம்: இந்த மின்னஞ்சல் சட்டம் பேசுகிறதா, வியாபாரம் பேசுகிறதா? வியாபாரம் என்றால் கொடு.

கம்பெனியின் பூட்டைத் திறக்கும் மூன்றாவது வழி அதிகம் பயன்படக்கூடியது: திருத்திய அறிக்கை. ஸ்காட்லாந்தில் டண்டி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் தன் மேலாளர் மீது புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியரை விசாரிக்கச் சொன்னது. அறிக்கை வந்தது. அதை வக்கீல்கள் பார்த்தார்கள், பேராசிரியர் திருத்தினார், திருத்திய பிரதி நீதிமன்றத்துக்கு வந்தது. சட்ட ஆலோசனைக்குப் பின் மாற்றியது என்று அதிலேயே குறிப்பும் இருந்தது. முதல் பிரதியைக் காட்டு என்றார் ஆய்வாளர். இரண்டையும் ஒப்பிட்டால் வக்கீல் என்ன சொன்னார் என்பது தெரிந்துவிடும், அதனால் முதல் பிரதியும் இரகசியம் என்றது பல்கலைக்கழகம். 2022இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. பிறந்தபோது இரகசியமாக இல்லாத காகிதம் பின்னால் இரகசியமாக முடியாது. எச்.ஆர். விசாரணை அறிக்கை எதைக் கண்டாலும் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: இது எத்தனையாவது பிரதி?

நாலாவது, கம்பெனி தானே கதவைத் திறப்பது. ‘வக்கீல்களைக் கேட்டுத்தான் நீக்கினோம், எல்லாம் முறைப்படி நடந்தது’ என்று பதிலுரையில் எழுதிவிட்டு, அந்த ஆலோசனையைக் காட்டமாட்டேன் என்பது இரண்டு பக்கமும் தின்பது. ஆலோசனையின் உள்ளடக்கத்தையே தன் வாதத்துக்குத் தூணாக வைத்தால், அதைக் காட்டச் சொல்லும் வாய்ப்பு வலுக்கிறது. வெறுமனே ஆலோசனை பெற்றோம் என்று சொன்னால் போதாது. அந்தக் கோடு மெல்லியது. வக்கீல்கள் அதற்காகவே சம்பாதிக்கிறார்கள்.

கடைசி வழி, தீய நோக்கம். குற்றத்துக்கோ மோசடிக்கோ துணைபோகும் ஆலோசனைக்கு இரகசியம் கிடையாது என்பது 1884இலிருந்து இருக்கும் விதி. வேலை நீக்க வழக்கில் இதைக் காட்டி வெல்வது கடினம் என்பதற்கு ஷெல் நிறுவன வழக்கே சான்று. அங்கே சட்டப்பிரிவில் இருந்த ஒரு மூத்த வழக்கறிஞர், உடற்குறை காரணமாகப் பாகுபாடு காட்டினார்கள் என்று வழக்குப் போட்டவர். அவருக்குப் பெயர் போடாத தபாலில் ஒரு மின்னஞ்சலின் நகல் வந்தது. ஆட்குறைப்பு நடவடிக்கையோடு சேர்த்து இவரையும் எப்படி வெளியேற்றலாம் என்பது பற்றிய ஆலோசனை அது. லண்டன் ஃப்ளீட் தெருவின் மதுக்கடை ஒன்றில் தன்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது என்றும் சொன்னார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இது பாகுபாட்டை மூடிமறைக்கச் சொல்லும் ஆலோசனை, இரகசியம் போய்விட்டது என்றது. 2019 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. வேலைச் சட்ட வக்கீல்கள் தினமும் சொல்கிற ஆலோசனைதான் இது, இதில் அக்கிரமம் இல்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பானதல்ல. ஆனால் அதுதான் சட்டம்.

அந்த வழக்கறிஞருக்குத் தபாலில் வந்ததுபோல உங்களுக்கும் ஒரு நகல் வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். டிஐஎஃப்சியும் ஏடிஜிஎம்மும் வேலைக்கும் வியாபாரத்துக்கும்தான் தனித்தீவு. குற்றவியல் சட்டம் அங்கேயும் அமீரகத்தின் சட்டமே. வேலையை விட்டுப் போகும் முன் கம்பெனி மின்னஞ்சல்களைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்வது, மேலாளருடன் நடந்த பேச்சைப் போனில் ரகசியமாகப் பதிவது இரண்டும் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவை. தொழில் இரகசியத்தை வெளியிட்டு நஷ்டம் விளைவித்தார் என்று நோட்டீஸ் இல்லாமல் நீக்கவும் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. ஆவணம் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றால் அதன் தேதி, அனுப்பியவர், பெற்றவர், தலைப்பு என்ன என்பதை நினைவில் வைத்து வக்கீலிடம் சொல்லுங்கள். அட்டவணையில் அதைக் கேட்க அவ்வளவு போதும். காகிதத்தை எடுத்துவர வேண்டாம்.

இன்னொரு சொல்லும் ஏமாற்றும்: ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’. சமரசப் பேச்சின்போது கடிதத்தின் தலையில் இதை எழுதினால் நிதி மைய நீதிமன்றங்களில் அது பாதுகாப்பு. பொது நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு மந்திர சக்தி இல்லை. ‘பத்தாயிரம் கொடுத்தால் போதும், முடித்துக்கொள்கிறேன்’ என்று வாட்ஸப்பில் எழுதியதை, சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அரபியாக்கி உங்களுக்கு எதிராகவே தாக்கல் செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு, எந்த வாசல் தொழிலாளிக்கு நல்லது? வக்கீல் இரகசியம் பெரிதாகப் பேசப்படும் நிதி மையங்களில் கம்பெனிக்குப் பூட்டு பலமாக இருக்கிறது. பொது மன்றத்தில் பூட்டே இல்லை. ஆகவே பொது மன்றம்தான் எளிது என்று தோன்றும். நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பூட்டைப் பற்றிச் சண்டை போட முடிகிறது என்றால், அலமாரி இருப்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று பொருள். கம்பெனி எந்தக் காரணத்தால் காகிதத்தை மறைக்கிறது என்றாவது சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் சில நேரம் தேதிகளும் இருக்கும். புகார் கொடுத்த மறுநாளே வக்கீலிடம் ஓடினார்கள் என்பது ஒரு தேதியிலேயே தெரிந்துவிடும். பொது மன்றத்தில் அந்த வெளிச்சமும் கிடையாது. குறை, நிதி மையங்களில் வழக்கின் செலவு. டிஐஎஃப்சியின் சிறு வழக்கு மன்றம் 5,00,000 திர்ஹாம் வரை விசாரிக்கிறது, வேலை வழக்கென்றால் இரு தரப்பும் ஒப்பினால் அதற்கு மேலும். பொதுவாக வக்கீல் வைக்காமலே அங்கே நிற்கலாம். ஆனால் இரகசியம் பற்றிய நுணுக்கமான வாதத்தை வக்கீல் இல்லாத ஒருவர் எடுத்துவைப்பது எப்படி? மத்தியத் தொழிலாளர் சட்டம் 1,00,000 திர்ஹாம் வரையிலான தொழிலாளி வழக்குக்கு நீதிமன்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. அதுபோலச் சுமையைக் குறைக்க, நிதி மையங்களில் ஆவண இரகசியம் பற்றிய கேள்வி எழும் வேலை வழக்குகளில் நீதிபதியே தாள்களை வாங்கிப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கம் விரிய வேண்டும்.

கேன்சலேஷன் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எடுத்து, எந்தச் சட்டம் என்ற வரியைப் பாருங்கள். மத்தியச் சட்டம் என்றால் வழக்குப் போட வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். டிஐஎஃப்சி என்றால் ஆறு மாதம்தான்.